ஒற்றை சீட் வண்டி

பூதக்கண்ணாடியை வரச் சொல்லியிருப்பதாகச் சீட்டக்கா சொன்னபோது டைமிங்காரர் வாயில் பாதி முட்டை இருந்தது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் மனைவியைப் பார்த்தார்.

"யாரை?"

"பூதக்கண்ணாடியைத்தான். ஞாயித்துக்கிழமை வர்றேன்னார். நானே போன் போட்டுப் பேசினேன். முசுடுன்னு ஊரே சொல்லுது, எங்கிட்ட தங்கமாத்தான் பேசினார்."

"எதுக்கு?"

"எதுக்கா? நம்ம வண்டியைப் பார்த்து மதிப்புச் சொல்லத்தான். பின்ன என்ன, விருந்துக்கா கூப்பிடுவேன்? சோறும் போடுவேன், அது வேற."

டைமிங்காரர் ஒரு மடக்குத் தேநீரை ஊற்றி முட்டையை உள்ளே தள்ளினார். தட்டில் இருந்த ரொட்டியை அதற்குப் பிறகு தொடவில்லை. சீட்டக்கா அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. அவளுக்குப் போன மாதத்துக் கோபம் இன்னும் ஆறவில்லை.

வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டு மோட்டார் சைக்கிள்களுக்குச் சீட் தைக்கிறவள் என்பதால் அவள் சீட்டக்கா. பின்பக்கத் தகரக் கொட்டகையில் பழைய ஸ்போர்ட்ஸ் மோட்டார் சைக்கிள்களுக்கு உயிர் கொடுப்பவர் டைமிங்காரர். சாக்கிலும் அட்டைப் பெட்டியிலும் துண்டு துண்டாக வந்து சேரும் வண்டியை ஓடுகிற வண்டியாகத் திருப்பிக் கொடுப்பார். இன்ஜினில் பொறி விழும் நேரத்தைக் கருவி எதுவும் வைக்காமல் காதால் கேட்டே சரிசெய்துவிடுவார், அதனால் வந்த பட்டம்.

பூதக்கண்ணாடி என்பவர் பழைய வண்டிகளுக்கு மதிப்புச் சொல்கிறவர். ஒரு காலத்தில் அவரும் கிரீஸ் கையோடு திரிந்த மனிதர்தான். இடுப்பு மக்கர் பண்ண ஆரம்பித்ததும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பதை மட்டும் தொழிலாக வைத்துக்கொண்டார். அவர் சரி என்றால் சரி. உதட்டைப் பிதுக்கினால் முடிந்தது கதை. அந்த வண்டியைப் பழைய இரும்புக்காரன்கூட யோசித்துத்தான் தூக்குவான்.

"போன மாசம் மைதானத்துல, பழைய வண்டிக் கண்காட்சியில, அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரன் என்ன சொன்னான்?" என்றாள் சீட்டக்கா. "இந்த மாடல்ல முக்கால்வாசி, சாதா வண்டியை வெட்டி ஒட்டினதுதான் அக்கா, உங்களோடது எப்படியோன்னான். எப்படியோவாம்! அவன் மூஞ்சி எப்படியோ! ஞாயித்துக்கிழமை பூதக்கண்ணாடி பார்த்துட்டுச் சரின்னு சொல்லட்டும், அடுத்த தடவை அவன் முன்னாடி போய் நிக்கிறேன்."

"அவன் ஏதோ வாய்க்கு வந்தது பேசினான். அதுக்குப் போய்..."

"நீங்க ஏன் இப்படி வெளுத்துப் போறீங்க? முட்டை சரியில்லையா?"

"முட்டை நல்லாத்தான் இருக்கு" என்று எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார்.

வண்டி கொட்டகையின் ஓரத்தில் போர்வைக்குள் நின்றது. வாடிக்கையாளர்களின் வண்டிகள் மழைச் சாரலில் நனைந்தாலும் அதற்கு மட்டும் நல்ல இடம். டைமிங்காரர் போர்வையை விலக்காமலே அதன் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அது எப்படிப்பட்ட வண்டி என்பது அவருக்குத் தெரியும். அது சாதா வண்டி. வெட்டி ஒட்டியதேதான்.

கல்யாணமான புதிதில் அவர் வேறொருவர் பட்டறையில் வேலை பார்த்தார். அந்த ஸ்போர்ட்ஸ் மாடல் என்றால் அவருக்குப் பைத்தியம். சோற்றில் கை வைத்தபடி அதன் கார்புரேட்டரைப் பற்றிப் பேசுவார். கேட்டுக் கேட்டுக் காது புளித்த சீட்டக்கா, ஒருநாள் ஒரு வண்டித் தரகனின் கொட்டகைக்குச் சீட் அளவெடுக்கப் போன இடத்தில் அதைப் பார்த்துவிட்டாள். தரகனோடு அங்கேயே பேசி முடித்தாள். அவன் கொட்டகையில் நிற்கும் அத்தனை வண்டிக்கும் அவள் சீட் தைத்துக் கொடுப்பது, கடைசியில் அந்த வண்டியை அவன் கொடுத்துவிடுவது. இரண்டு வருஷம் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் தைத்தாள். தடித்த ரெக்சினில் ஊசி இறங்காமல் வழுக்கி, ஆள்காட்டி விரல் நகமே பெயர்ந்துபோனது கடைசித் தடவை. அந்த விரல் கட்டோடுதான் தள்ளுவண்டியில் ஏற்றி வண்டியை வாசலில் கொண்டுவந்து இறக்கினாள்.

"சரியா வாங்கியிருக்கேனா?" என்று கேட்டாள்.

டைமிங்காரர் வண்டியைச் சுற்றி வந்தார். கட்டைவிரல் தன் போக்கில் பின்சக்கரத்தின் பக்கவாட்டில் ஓடும் பின்குழாயின் அடியைத் தடவியது. விரலுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. சாதா மாடலில், பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் கம்பியை மாட்ட, சேஸிஸில் பக்கத்துக்கு ஒன்றாக இரும்புக் காது இருக்கும். ஸ்போர்ட்ஸ் மாடலுக்கு ஒற்றை சீட். பின்னால் ஆளும் கிடையாது, காதும் கிடையாது. இந்த வண்டியில் தரகன் காதுகளை அறுத்துவிட்டு, மேடு பள்ளத்தைப் பட்டி வைத்து மூடி, மேலே பெயிண்ட் அடித்திருந்தான். சேஸிஸ் நம்பர் இரண்டு மாடலுக்கும் ஒரே வரிசையில் ஓடுவதால் அதைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை.

அவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். விரல் கட்டில் ரத்தம் இன்னும் காயவில்லை.

"அருமையா வாங்கியிருக்கே" என்றார்.

பொய் சொன்னதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஆனால் அவர் பட்டியைச் சகித்துக்கொள்கிற ஜாதி இல்லை. வண்டியைப் பிரித்தபோது பட்டி முழுவதையும் சுரண்டி எடுத்தார். பள்ளத்தை வெல்டு வைத்து நிரப்பினார். பெரிய அரம், சின்ன அரம், உப்புத்தாள் என்று மாற்றி மாற்றித் தேய்த்துக் குழாயோடு குழாயாக்கினார். பிறகு வருஷக்கணக்கில் தேடி உண்மையான ஸ்போர்ட்ஸ் மாடலின் கார்புரேட்டர், அலுமினிய ரிம், கேம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார். தரகன் அரைகுறையாகச் செய்த திருட்டை இவர் பிசிறில்லாமல் செய்து முடித்தார். அப்படி முடித்த பிறகுதான் என்ன செய்திருக்கிறோம் என்பதே அவருக்கு உறைத்தது.

இந்த விஷயம் தெரிந்த இன்னொரு ஜீவன் சீட்டக்காவின் தம்பி. கூடவே இருந்து பெயிண்ட் அடிக்கிறவன். டைமிங்காரர் "மச்சான், மச்சான்" என்று கூப்பிட்டதில் வாடிக்கையாளர்கள், பால்காரர், தபால்காரர் எல்லோருக்கும் அவன் மச்சானாகிவிட்டான். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஈரக்காற்றில் பெயிண்ட் அடித்தால் பால் சிந்தியதுபோல் வெளுத்துவிடும் என்பதால் அவன் வேறு வேலையில்லாமல் ஒரு டேங்க்கைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், உங்கக்கா பூதக்கண்ணாடியைக் கூப்பிட்டிருக்கா."

"தெரியும். நம்பர் கொடுத்ததே நான்தானே."

"அடப்பாவி!"

"நான் என்ன பண்ணட்டும் மாமா? கரண்டியும் கையுமா வந்து நின்னு கேட்டா. கொடுக்கலைன்னா ஏன் கொடுக்கலைன்னு கேப்பா. ஏன்னு கேட்டா நான் உளறிடுவேன். என் வாயைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா?"

"அந்தாளு காந்தம் கொண்டு வருவார்டா."

"வரட்டுமே. பட்டி இருந்தாத்தானே காந்தம் ஒட்டாது? நீங்கதான் இரும்பையே உருக்கி ஊத்திட்டீங்களே. பெயிண்ட் அடிக்கறப்போ நானே எந்த இடம்னு தேடினேன். கிடைக்கல."

"அதான்டா பயமா இருக்கு."

மச்சான் தேய்ப்பதை நிறுத்தினான். "மாமா, நீங்க மாட்டிக்குவோம்னு பயப்படறீங்களா, மாட்டிக்க மாட்டோம்னு பயப்படறீங்களா?"

டைமிங்காரர் கூரையைப் பார்த்தார். தகரத்தில் மழை அடிக்கும் சத்தம் அவருக்கு வசதியாக இருந்தது.

"பேசாம அக்காகிட்ட சொல்லிடுங்க."

"சொன்னா தாங்குவாளா?"

"அவ தாங்குவா. அதுக்கப்புறம் அவ பேசறதை நீங்க தாங்குவீங்களான்னு யோசிங்க."

அன்று மத்தியானமே டைமிங்காரர் மனதைத் திடப்படுத்திக்கொண்டு முன்னறைக்குப் போனார். சீட்டக்கா ஒரு சீட்டின் ஓரத்துக்குப் பட்டை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தாள். மெஷின் ஓடும்போது அவள் தலையைத் தூக்க மாட்டாள், தையல் கோணிவிடும். ஆள் வந்ததை நிழலிலேயே தெரிந்துகொண்டாள்.

"வாங்க. இந்த விரலைப் பார்த்தீங்களா?" என்று காட்டினாள். நகம் முளைத்திருந்தாலும் நடுவில் ஒரு கோடு இருந்தது. "மழை வந்தா இன்னும் லேசா வலிக்கும். வலிக்கறப்போ எல்லாம் அந்த வண்டியை ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வருவேன். சரியாயிடும்."

டைமிங்காரர் தொண்டையைச் செருமினார்.

"என்னங்க?"

"டீ இருக்கான்னு பார்க்க வந்தேன்."

"இப்பத்தானே குடிச்சீங்க!"

ஆமாம், இப்போதுதான் குடித்தார். திரும்பிப் போய்விட்டார். இந்த மனிதர் எவ்வளவு பெரிய இன்ஜினையும் தனியாளாகத் தூக்கி மேசைமேல் வைப்பார். ஒரு வார்த்தையைத் தூக்க மட்டும் தெம்பில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் இதே கதைதான். தேயிலைத் தூள்தான் காலியானது.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டு வெயில் வந்தது. பூதக்கண்ணாடி ஒரு தோள்பையும் குடையுமாக வந்து சேர்ந்தார். ஒல்லியான உடம்பு, தடித்த மூக்குக்கண்ணாடி. தண்ணீர்கூட வேண்டாம் என்று நேரே கொட்டகைக்குப் போய், "ஒரு பாய் கொடுங்கம்மா" என்று வாங்கி வண்டிக்குப் பக்கத்தில் விரித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படுத்தார்.

முதலில் பூதக்கண்ணாடியை வைத்துச் சேஸிஸ் நம்பரின் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். இன்ஜின் நம்பரைப் பார்த்தார். ரிம்மில் அடித்திருந்த முத்திரையைத் துணியால் துடைத்துப் படித்தார். கார்புரேட்டரின் வாயை விரலால் அளந்தார். பிறகு பையிலிருந்து நூலில் கட்டிய சின்னக் காந்தத்தை எடுத்தார். பெயிண்டில் கீறல் விழக்கூடாதென்று அதற்குத் துணி சுற்றியிருந்தார். டேங்க் மேலே, மட்கார்டு மேலே, சேஸிஸ் நெடுக அது டொக், டொக் என்று ஒட்டி ஒட்டிப் போனது. பின்குழாயின் அடியில் வந்தது. டைமிங்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

டொக்.

மச்சான் பெருமூச்சு விட்டதை எல்லோரும் கேட்டார்கள். "தூசி" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார் பூதக்கண்ணாடி.

டைமிங்காரர் கிக்கரை மெதுவாக அழுத்தி பிஸ்டன் எங்கே நிற்கிறதென்று காலாலேயே பார்த்து, ஒரே மிதி மிதித்தார். வண்டி எடுத்துக்கொண்டது. பூதக்கண்ணாடி எழுந்து நின்று, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டார். முசுடு முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"சரியான வண்டிம்மா" என்றார். "இந்த மாடல்ல இவ்வளவு சுத்தமான வண்டியை நான் பார்த்ததில்ல."

சீட்டக்கா வாயைப் புறங்கையால் பொத்திக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. டைமிங்காரருக்கு அந்த நிமிஷம் உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் இருந்தது. இப்படியே போய்விடட்டும் என்று நினைத்தார்.

கோழி வறுத்து, சோறு வடித்து, சீட்டக்கா தடபுடல் பண்ணியிருந்தாள். பூதக்கண்ணாடி ரசித்துச் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே, "அம்மா, ஒரு உதவி. போறதுக்கு முன்னாடி வண்டியை முழுசா அளவெடுத்துக்கிறேன். படமும் பிடிச்சுக்கிறேன்" என்றார்.

"தாராளமா. எதுக்கு?"

"இனிமே எவன் இந்த மாடல்னு சொல்லி வண்டி கொண்டாந்தாலும் இதோட அளவை வெச்சுத்தான் பார்க்கப் போறேன். எனக்கும் ரொம்ப நாளா ஒரு குழப்பம். பள்ளிக்கூட வேன் ஓட்டுற பொண்ணு ஒண்ணு, அவங்கப்பாவோட வண்டியைக் காட்டுச்சு. அவர் புதுசா வாங்கி ஓட்டின ஸ்போர்ட்ஸ் மாடலாம். பார்த்தா எல்லாம் சரியா இருக்கு, பின்குழாய் வளைவு மட்டும் நான் நினைச்சதைவிட ஒரு விரக்கடை மேல ஏறுது. சொல்றதா வேணாமான்னு முழிச்சுக்கிட்டிருந்தேன். இன்னிக்குத் தீர்ந்துது. உங்களோடது சரின்னா அது வெட்டி ஒட்டினது. நாளைக்கே சொல்லிடணும்."

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுது?" என்று கேட்டார் டைமிங்காரர். அன்று அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

"என்ன சொல்லும்? எங்கப்பா பொய் சொல்ல மாட்டார்னு ஒரே பிடியா நிக்குது. அவர் போய்ச் சேர்ந்துட்டார். கேக்கவா முடியும்? சில பேர் வீட்டுலயே கதை விடுவாங்க, நான் எத்தனை பார்த்திருக்கேன்."

டைமிங்காரர் தட்டைப் பார்த்தார். சாதா மாடலின் பின்குழாய் தாழ்ந்துதான் போகும், கால் வைக்கும் கம்பிக்காக. ஸ்போர்ட்ஸில் அது மேலே ஏறத்தான் வேண்டும். சாமான் தேடி அலைந்த நாளிலேயே இது அவர் கண்ணில் பட்டிருந்தது. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முகம் தெரியாத ஒரு மனிதர், தான் வாங்கிய வண்டியைப் பற்றி மகளிடம் உண்மையைச் சொல்லிவிட்டுச் செத்துப்போயிருக்கிறார். நாளைக்கு அவரைப் பொய்யர் என்று சொல்லப்போகிறார்கள். சாட்சி இந்தக் கொட்டகையில் நிற்கும் வண்டி.

"அந்த வண்டிதான் சரி" என்றார்.

"எந்த வண்டி?"

"அந்தப் பொண்ணோடது. என் வண்டிதான் வெட்டி ஒட்டினது."

மச்சான் கையிலிருந்த கோழிக்கால் தட்டில் விழுந்தது. பூதக்கண்ணாடி மெல்லுவதை நிறுத்தினார். டைமிங்காரர் கையைக் கழுவிக்கொண்டு யாரையும் பார்க்காமல் கொட்டகைக்குப் போனார். மற்ற மூவரும் பின்னாலேயே வந்தார்கள். அவர் பாயில் மல்லாந்து படுத்து, ஒரு தகட்டை எடுத்து, பின்குழாயின் அடியில் தானே பார்த்துப் பார்த்துப் பூசவைத்த பெயிண்டைச் சுரண்டினார். உள்ளே குழாய் இரும்பு ஒரு நிறம். நடுவில் நாணயம் அளவுக்கு வெல்டு இரும்பு இன்னொரு நிறம். மறுபக்கமும் அப்படியே.

பூதக்கண்ணாடி எட்டிப் பார்த்தார். தடவிப் பார்த்தார். பிறகு கொட்டகை அதிர ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"என் கண்ணுலயே மண்ணைத் தூவிட்டீங்களேய்யா! வெறும் அரத்தாலயா இவ்வளவும்?"

"அரம்தான்."

"எவ்வளவு நாள் தேய்ச்சீங்க?"

"எப்பத் தெரியும்?" என்று கேட்டாள் சீட்டக்கா. பூதக்கண்ணாடியின் சிரிப்பு பட்டென்று நின்றது.

டைமிங்காரர் பாயில் எழுந்து உட்கார்ந்தார். "நீ கொண்டாந்த அன்னிக்கே."

அவள் திரும்பி முன்னறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. நிற்காமல் ஓடியது. மச்சான் பூனை நடை போட்டுப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"என்னடா தைக்கிறா?"

"ஒண்ணும் தைக்கல மாமா. நூலே கோக்காம ஓட்டிக்கிட்டிருக்கா. நீங்களே போங்க. நான் வர மாட்டேன்."

டைமிங்காரர் போனார். வாசற்படியைத் தாண்டாமல் நின்றார்.

"நூல் கோக்கலையே" என்றார். வேறு எப்படி ஆரம்பிப்பதென்று தெரியவில்லை.

"தெரியுது." மெஷின் நின்றது. "அன்னிக்கு நான் என்ன கேட்டேன்?"

"சரியா வாங்கியிருக்கேனான்னு."

"தெரியாததாலதானே கேட்டேன்? தெரிஞ்ச ஆளே பொய் சொன்னா, நான் வேற யார்கிட்டப் போய்க் கேப்பேன்?"

"உன் விரலைப் பார்த்தேன். ரத்தம் காயல. எனக்கு வாய் வரல."

"விரல் என்னுதுதானே? நீங்க சொல்லியிருந்தா அன்னிக்கே போய், அந்தத் தரகன் கொட்டகையில நான் தைச்ச அத்தனை சீட்டையும் பிளேடால கிழிச்சுப் போட்டுட்டு வந்திருப்பேன். இப்ப அவனும் செத்துட்டான். யார் சீட்டைப் போய்க் கிழிக்கறது?"

டைமிங்காரருக்கு இந்த இடத்தில் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். சிரித்திருந்தால் அவ்வளவுதான்.

"மைதானத்துல எத்தனை பேர் முன்னாடி எங்க வீட்டு ஸ்போர்ட்ஸ்னு கத்திக்கிட்டுத் திரிஞ்சேன்! பக்கத்துலயே நின்னுக்கிட்டிருந்தீங்களே. பாவம், இவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

"சத்தியமா அப்படி நினைக்கல. நீ அப்படிச் சொல்றது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. நீ சொல்றதுக்கு ஏத்த மாதிரி வண்டியை ஆக்கிடணும்னுதான் ஒவ்வொரு சாமானாத் தேடிப் பிடிச்சேன்."

"பின்ன இன்னிக்கு ஏன் சொன்னீங்க? அந்தாளுதான் சரின்னுட்டாரே. கோழியைத் தின்னுட்டுப் பேசாமப் போயிருப்பார்."

"அந்தப் பொண்ணோட அப்பா பொய்க்காரனாகிடுவார்ல."

சீட்டக்கா மெஷின் சக்கரத்தைக் கையால் இப்படியும் அப்படியும் உருட்டினாள். "ஆமா" என்றாள் கடைசியில். "அது பாவம். அது வேணாம்."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"அப்ப நம்மளோடது சாதா வண்டி."

"சாதா வண்டிதான்."

"சாதா வண்டின்னா ரெண்டு பேர் உட்காரலாம்."

"உட்காரலாம். அதுக்குத்தான் அந்தக் காது."

"அந்த வண்டியில நான் ஒரு தடவைகூட ஏறினதில்ல. தெரியுமா உங்களுக்கு?" அவள் குரல் முதல் தடவையாக உடைந்தது. "மைதானத்துக்குப் போறப்போ எல்லாம் நீங்க முன்னாடி சிங்கம் மாதிரி போவீங்க. வாங்கிக் கொடுத்தவ, தம்பி ஸ்கூட்டர் பின்னாடி பெயிண்ட் டப்பாவோட டப்பாவா வருவேன். ஸ்போர்ட்ஸ் வண்டின்னா அப்படித்தான்னு சும்மா இருந்தேன். ரெண்டு பேருக்குன்னே செஞ்ச வண்டியில தனியாப் போயிருக்கீங்க இவ்வளவு வருஷம்!"

டைமிங்காரர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பொய் சொன்னது அவருக்கு ஒவ்வொரு நாளும் உறுத்தியிருக்கிறது. இது ஒருநாளும் உறுத்தியதில்லை. ஒற்றை சீட் வண்டி, அதில் ஒருவர்தான் போகமுடியும், அதற்கு மேல் அவர் யோசித்ததே இல்லை. இப்போது யோசிக்க, வெட்கமாக இருந்தது.

"தப்புதான்" என்றார். "ரெண்டும் தப்புதான்."

சீட்டக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டாள். மூலையில் சாத்தியிருந்த நீளப் பலகையை இழுத்துக் கையில் எடுத்தாள். இரட்டை சீட் தைக்கச் சொல்லி யார் வந்தாலும் அவள் வண்டியை மட்டும் அளந்து தைக்க மாட்டாள். சீட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பலகையைக் கட்டி, உட்காரப் போகிற இரண்டு பேரையும் உட்காரவைத்துத்தான் அளவெடுப்பாள்.

"நடங்க" என்றாள்.

கொட்டகையில் பூதக்கண்ணாடி, எழுந்து போவதா உட்கார்ந்திருப்பதா என்று தெரியாமல் ஸ்டூலில் இருந்தார். அவள் அவரிடம் நேராகக் கேட்டாள். "ஐயா, சாதா வண்டின்னா மதிப்பு என்ன ஆகும்?"

"பாதிக்கும் கீழ போயிடும்மா. மறைச்சுச் சொல்ல மாட்டேன்."

"போகட்டும். மச்சான், அந்த சீட்டைக் கழட்டுடா."

சொந்த அக்காவே மச்சான் என்று கூப்பிட்டதில் அவன் ஒரு நொடி திகைத்தான். பிறகு விழுந்தடித்துக்கொண்டு ஸ்பானரை எடுத்தான். டைமிங்காரர் சாக்கட்டியை எடுத்து, வண்டிக்குக் கீழே குனிந்து, கால்கம்பிக்கான காது இருந்த இடத்தில் பக்கத்துக்கு ஒரு கோடு போட்டார். அளந்து பார்க்கவில்லை. பூதக்கண்ணாடி தன் டேப்பை வைத்துச் சரிபார்த்தார்.

"கம்பெனி வெச்ச இடம் அச்சா இதேதான்" என்றார்.

வண்டி நடு ஸ்டாண்டில் நின்றது. பலகையைக் கட்டியதும் டைமிங்காரர் ஏறி உட்கார்ந்தார். சீட்டக்கா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினாள். மச்சான் டேப்பைப் பிடித்தான்.

"இன்னும் முன்னாடி போங்க" என்றாள்.

"இதுக்கு மேல டேங்க்தான் இருக்கு."

"அப்ப டேங்க் மேல உட்காருங்க. இவ்வளவு வருஷம் மொத்தமும் நீங்கதானே உட்கார்ந்தீங்க."

மச்சான் வாய்விட்டுச் சிரித்தான். பூதக்கண்ணாடியும் சிரித்துவிட்டு, உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டு கீழே பார்த்தார். "அம்மா, உங்க கால் எட்டலையே" என்றார்.

உண்மைதான். சீட்டக்கா குட்டையான பெண். அவள் கால் சாக்கட்டிக் கோட்டுக்கு நாலு விரக்கடை மேலேயே தொங்கியது.

"கொஞ்சம் நீட்டிப் பாருங்க. போகப் போகப் பழகிடும்."

"எவ்வளவு நீட்டினாலும் என் கால் இவ்வளவுதாங்க."

"மேல ஏத்தி வெச்சா அது ஒரிஜினல் இல்லையேம்மா. அப்புறம் இது ஸ்போர்ட்ஸும் இல்ல, சாதாவும் இல்லன்னு ஆயிடும். இருக்கிற மதிப்பும் போயிடும்."

"என் கால் ஒரிஜினல்தான்" என்றாள் சீட்டக்கா.

பூதக்கண்ணாடி டைமிங்காரரைப் பார்த்தார். டைமிங்காரர் கட்டைவிரலை நாக்கில் தொட்டு, பலகையில் இருந்தபடியே பக்கவாட்டில் சாய்ந்து, தான் போட்ட கோட்டை அழுத்தித் துடைத்தார். சாக்கட்டியை மனைவியின் பாதத்துக்குக் கீழே கொண்டுபோனவர், அங்கே கொஞ்சம் நிறுத்தி, திரும்பிக் கேட்டார்.

"செருப்போடவா, செருப்பு இல்லாமலா?"

"செருப்போட" என்றாள். "வெளியிலதானே போகப் போறோம்."